இடக்கைக் காப்பு

அத்தியாயம் 11

வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு ஓவியாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், வாயில் நுரையோடு அப்படியே கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

'அரங்கம் கிடைக்காத காரணத்தால், மாதக் கடைசியில் நடக்கவிருந்த பெண்கள் ஸ்னூக்கர் மாநிலத் தேர்வு, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மதுரையிலேயே நடக்கும். வராதவர்கள் விலகிக்கொண்டதாகக் கருதப்படுவார்கள்.'

மாதக் கடைசி என்றால் அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. ஞாயிறு என்றால் செத்தாள். ஏன் என்று போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் சண்முகராஜின் வீட்டார், நேற்று புதன்கிழமை ஓவியாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நல்ல குடும்பம்தான். மாப்பிள்ளை சண்முகராஜும் நல்ல பையன்தான். ஆனால் வருவதற்கு முன்பே தரகரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்கள். 'பொண்ணு கம்பும் பந்துமாத் திரியிறதெல்லாம் கல்யாணத்தோட நிறுத்திக்கிறணும்.' ஓவியாவின் அப்பா கர்ணன் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டார்.

இவள் என்ன செய்தாள்? செவ்வாய்க்கிழமை தெரு மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. ஈரத் தலையோடு வரிசையில் போய் நின்று, "நானும் அக்னிச்சட்டி எடுக்குறேன்" என்று இடது கையை நீட்டிவிட்டாள். காப்புக் கட்டிய வீட்டில் எட்டு நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். பெண் பார்ப்பது தள்ளிப் போனது. கர்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. கோயில் கமிட்டியில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் சொல்லி முடித்தார்.

எட்டு நாளில் காப்பு அவிழும், மாதக் கடைசியில் மதுரை போகலாம் என்று கெட்டிக்காரி கணக்குப் போட்டிருந்தாள். இப்போது தேதி முன்னால் வந்துவிட்டது. காப்புக் கட்டியவர்கள், அது அவிழும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மதுரை இருக்கட்டும், பக்கத்துச் சின்னமனூருக்குக்கூடப் போக முடியாது. யாரோ அடைத்து வைத்திருந்தால் அவர்களைத் திட்டலாம். இவள் யாரைத் திட்டுவாள்?

"என்ன புள்ள, பேயறைஞ்சவ கணக்கா உக்காந்திருக்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் அண்ணன் சுரேஷ்கண்ணன். உரக்கடையில் வேலை பார்ப்பவன். வாய் கொஞ்சம் நீளம். காப்பு யோசனையைக் கொடுத்த புண்ணியவானும் இவனே.

ஓவியா போனை நீட்டினாள். படித்துவிட்டு அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"போச்சு!"

"நீதானண்ணே சொன்ன, கட்டிக்க, எட்டு நாளைக்குப் பேச்சே வராதுன்னு."

"பேச்சு வரலைல்ல? இவனுக தேதியை முன்னாடி இழுப்பானுகன்னு நான் என்ன கனவா கண்டேன்?"

ஓவியா வாயைக் கொப்பளித்தாள். அழுகையை அடக்குவதற்கு அது ஒரு வழி.

சுரேஷ்கண்ணன் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "பேசாம ஒன்னு பண்ணுவோம். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிருவோம். சின்னமனூர் தாண்டுனதும் அறுத்து எறி. திரும்பி வந்து வேற கயிறு கட்டிக்க. எவன் பாக்கப் போறான்?"

"வாயைக் கழுவு!"

"இப்பத்தான் கழுவுனேன்."

"விளையாடாதண்ணே. ஏமாத்தித்தான் கட்டுனேன், அதுக்கே நேத்துல இருந்து கன்னத்துல போட்டுக்கிட்டுத் திரியிறேன். அறுக்கவும் செஞ்சேன்னா எனக்குத் தூக்கமே வராது. நான் சாமி கும்புடுறவதான?"

அவனுக்கும் பயம்தான். சொல்லிவிட்டானே தவிர, அவளே சரி என்று கிளம்பியிருந்தால் முதலில் ஓடி ஒளிந்திருப்பவன் அவன்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஓவியாவுக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தேர்வில் முதல் நாலு இடத்துக்குள் வந்தால் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியின் விளையாட்டுப் பிரிவில் வேலை. பயிற்சியும் அவர்களே கொடுப்பார்கள். போன இரண்டு வருஷமும் கால் இறுதியில் தோற்று வந்தாள். வயது இருபத்து நாலு. 'இந்த வருசத்தோட சரி, அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது' என்று அப்பா சொல்லியிருந்தார். ஆக, ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் சென்னை, தோற்றால் குமுளி. போகவே முடியாவிட்டாலும் குமுளிதான்.

சம்சுதீனின் ஸ்னூக்கர் ஹால் உத்தமபாளையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், அவருடைய எலெக்ட்ரிக்கல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஊர் எல்லைக்குள்தான், நல்ல வேளை. காலை பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் கூட்டம் இருக்காது என்பதால் அது ஓவியாவின் நேரம்.

விரதத்துக்குச் செருப்பும் கிடையாது. சித்திரை வெயிலில் தார் ரோட்டை வெறுங்காலில் கடந்து, மாடி ஏறி, ஏ.சி. போட்ட ஹாலில் கால் வைத்தபோது உள்ளங்கால் கொதித்தது.

"ஏம்மா ஓவியா, எதுக்கு இந்த வெயில்ல வந்த?" என்றார் சம்சுதீன். "மெசேஜ் நானும் பாத்தேன். போக முடியாதுல்ல?"

"தெரியலை மாமா. வீட்டுல இருந்தா பைத்தியம் புடிச்சிரும். அதான் வந்துட்டேன்."

"சரி, ஆடு. ஆனா ஒன்னாம் நம்பர் டேபிள்ல போன வாரம்தான் புதுத் துணி போட்டிருக்கு. பாத்துப் பதனமா ஆடு."

ஓவியா பந்துகளை அடுக்கவில்லை. ஒரே ஒரு சிவப்புப் பந்து, ஒரு வெள்ளைப் பந்து. வெள்ளையால் தட்டிச் சிவப்பை நேராக ஒரு பாக்கெட்டில், டேபிள் ஓரத்துக் குழியில், விழவைக்க வேண்டும். இரண்டு வருஷமும் அவளைக் கவிழ்த்தது இந்த நேர்ப் பந்துதான். கஷ்டமான கோணப் பந்துகளை எல்லாம் போட்டுவிடுவாள். கடைசியில், குழந்தைகூடப் போடக்கூடிய பந்து பாக்கெட்டின் வாயில் முட்டிக்கொண்டு வெளியே வந்து நிற்கும். வலது முழங்கைதான் ஆடுகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். காலி சோடா பாட்டிலைப் படுக்க வைத்து, அதன் வாய்க்குள் கியூ என்கிற ஆட்டக் கம்பு இடிக்காமல் போய் வர இரண்டு வருஷம் பழகினாள். முழங்கை நேரானதே தவிர, பந்து விழவில்லை.

குனிந்தாள். இடது கையை டேபிளில் ஊன்றினாள். விரல்களை விரித்து, கட்டை விரலைத் தூக்கிச் சுட்டுவிரலோடு ஒட்டினால் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் கிடைக்கும். கியூ அந்தப் பள்ளத்தில்தான் ஓட வேண்டும். அந்தக் கைக்குப் பிரிட்ஜ் என்று பெயர். வலது கைதான் அடிக்கிறது, இடது கை சும்மா கிடக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். சும்மா கிடப்பதுதான் அதன் வேலை, அதுதான் ரொம்பக் கஷ்டமான வேலையும்.

காப்புக் கயிற்றில் கோத்திருந்த மஞ்சள் கிழங்குத் துண்டு மணிக்கட்டுக்கு அடியில் போய் உறுத்தியது. மேலே திருப்பி விட்டாள். குனிந்ததும் மறுபடியும் அடியில் போய் உட்கார்ந்தது. தொலைகிறது என்று அப்படியே அடித்தாள்.

பந்து முட்டிக்கொண்டு வெளியே வந்தது.

நிமிர்ந்து பார்த்தவளுக்குப் பகீர் என்றது. புதுப் பச்சைத் துணியில் அரை விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளித்ததில் துண்டு ஊறிப்போயிருந்தது.

"ஏம்மா!" என்று ஓடி வந்தார் சம்சுதீன். "சொல்லி வாய் மூடலை! புதுத் துணிம்மா, கோயமுத்தூர்ல இருந்து ஆள் வந்து போட்டது!"

"மாமா, தெரியாமப் பட்டிருச்சு, நான் தொடைச்சு விட்டுர்றேன்..."

"தொடைக்காத, தொடைக்காத! தொடைச்சா இன்னும் பரவும்." குனிந்து கோட்டைப் பார்த்தார், பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "சாமி சமாச்சாரம். அதைக் கழட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டாம் நம்பருக்குப் போ. அடுத்த மாசம் அதுக்குத் துணி மாத்தணும். அங்கன மஞ்சள் என்ன, சாம்பாரையே ஊத்து."

இரண்டாம் நம்பர் டேபிளில் மறுபடியும் அடித்தாள். மறுபடியும் ஒரு கோடு. பந்து விழவில்லை. இன்னொன்று அடித்தாள். இன்னொரு கோடு.

நாலாவது கோட்டில்தான் அவளுக்கு உறைத்தது. கை ஊன்றிய இடத்தில் அசையாமல் இருந்தால் புள்ளிதானே விழ வேண்டும்? கோடு எப்படி வந்தது?

அடிக்கிற நொடியில் அவளுடைய இடது கை முன்னால் வழுக்குகிறது. அரை விரல் தூரம்தான். கண்ணுக்குத் தெரியாது. கன்னம் கியூவில் ஒட்டியிருக்கும்போது தன் கையைத் தானே பார்க்கவும் முடியாது. அண்ணன் எடுத்த வீடியோக்கள் எல்லாம் வலது முழங்கையைத்தான் காட்டின. இரண்டு வருஷமாக அவள் தப்பான கையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்!

"அட எருமை," என்று தன்னையே சத்தமாகத் திட்டிக்கொண்டாள்.

"யாரை?" என்றார் தூரத்திலிருந்து சம்சுதீன்.

"என்னைத்தான் மாமா."

ஆனால் கை ஏன் வழுக்குகிறது? இன்னொரு தடவை குனிந்தாள். உள்ளங்கையின் அடிப்பகுதியை நன்றாக அழுத்தி ஊன்றினாள். மஞ்சள் துண்டு எலும்பில் குத்தியது, பொறுத்துக்கொண்டாள். அடித்தாள். கோடு கொஞ்சம் குறுகியது, அவ்வளவுதான். அப்படியே குனிந்த நிலையில் தலையைத் திருப்பி வலது கையைப் பார்த்தாள். விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன. யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடுவதைப் போலக் கியூவை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தாள். பிடி இறுகினால் தோள் இறுகும். தோள் தள்ளினால் மொத்த உடம்பும் தள்ளும். இடது கை பாவம் என்ன செய்யும்? அதுவும் கூடவே போகும்.

பிடியைத் தளர்த்தினாள். மூன்று விரலில் கியூ தொங்கினால் போதும் என்று விட்டாள். மெதுவாகப் பின்னால் இழுத்து, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, அப்புறம் நேராக விட்டாள். பந்து விழும் வரைக்கும் தலையைத் தூக்கவில்லை. கோடு இன்னும் குறுகியது. நாலு அடி நன்றாக இருக்கும், ஐந்தாவதில் அவசரம் வரும், பிடி இறுகும், கோடு நீளும், மணிக்கட்டும் குத்தும். சாமிக்குக் கட்டிய கயிறு இப்படி ஒரு வாத்தியார் வேலை பார்க்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

பன்னிரண்டரை மணிக்கு டேபிளில் ஒரு புள்ளி விழுந்தது. சுத்தமான புள்ளி. பந்து பாக்கெட்டின் நடுவில் 'டொப்' என்று இறங்கியது. இன்னொரு புள்ளி. இன்னொரு 'டொப்'. வரிசையாகப் பதினொன்று போட்டாள்.

பன்னிரண்டாவதை அடிக்க முடியவில்லை. கண் மறைத்தது. கியூவை டேபிளில் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷமாகத் தேடியது கிடைத்துவிட்டது. போக வேண்டிய ஊர் நூறு கிலோமீட்டர் சொச்சத்தில்தான் இருக்கிறது. இவளால் பைபாஸைக்கூடத் தாண்ட முடியாது. வயிற்றெரிச்சல் என்றால் இதுதான் வயிற்றெரிச்சல்.

"ஓவியா..."

அம்மாவின் குரல். ஓவியா திடுக்கிட்டுத் திரும்பினாள். மாரீஸ்வரி இந்த மாடிக்கு வந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருப்பவள், இப்போது லீவு. மூச்சு வாங்க மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"இங்கனதான் இருக்கியா? போனை எடுக்கலைன்னு உங்கப்பா கத்துறாக."

"சைலண்ட்ல கெடக்கும்மா."

"வாங்கம்மா, உக்காருங்க," என்று சம்சுதீன் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டு வரும் சாக்கில் கீழே இறங்கிப் போனார். விவரமான மனுஷன்.

மாரீஸ்வரி உட்காரவில்லை. மகளின் சிவந்த கண்களைப் பார்த்தாள். "விசயம் தெரிஞ்சிருச்சா உனக்கு? யாரு சொன்னா?"

"என்ன விசயம்?"

"அப்ப எதுக்கு அழுகுற?"

"நீ முதல்ல விசயத்தைச் சொல்லும்மா."

"குமுளிக்காரவுக ஞாயித்துக்கிழமை வர்றாக. வீட்டுக்கு இல்ல, கோயிலுக்கு. காப்புக் கட்டுன வீட்டுலதான் பேச்சு எடுக்கக் கூடாதாம், சந்நிதியில எடுக்கலாமாம். நீ காப்புக் கட்டியிருக்கன்னு உங்கப்பா பெருமையாச் சொல்லியிருக்காக. 'இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா, காப்புக் கட்டுன கையோடயே வந்து பாக்குறோம், அது இன்னும் விசேசம்'னு மாப்பிள்ளையோட அப்பா சொல்லிட்டாராம். பத்துப் பேரு வேன் புடிச்சு வர்றாக. பேசி முடிச்சிருவோம்னு உங்கப்பா குதிக்கிறாக."

ஓவியா டேபிள் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எதைத் தடுக்கக் கட்டினாளோ, அதையே அது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறது! கொஞ்ச நேரம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து மாரீஸ்வரி பயந்துபோனாள்.

"என்னத்தா? ஏன் இப்படிச் சிரிக்கிற?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஓவியா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு, சென்னை வேலை, அவர்கள் வராமல் இருக்கத்தான் காப்புக் கட்டியது, எல்லாம். அண்ணன் பெயரை மட்டும் சொல்லவில்லை.

மாரீஸ்வரியின் கை ஓங்கியது. ஓங்கிய கை பாதியில் நின்றது, காப்புக் கட்டிய பிள்ளையை அடிக்கக் கூடாது.

"சாமிய வச்சாடி விளையாண்ட? மனுசங்களை ஏமாத்து, வேணாங்கல. உங்கப்பாவை ஏமாத்து, என்னை ஏமாத்து. அவளையுமா? அம்மை போட்டுக் கெடந்தப்ப உன்னைத் தூக்கிக் குடுத்தவடி அவ!"

"தெரியும்மா. அதான் அறுக்க மாட்டேன்னு உக்காந்திருக்கேன்."

"அறுக்க வேற நெனச்சியா?"

"நெனைக்கலம்மா, சத்தியமா."

மாரீஸ்வரி இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். பிறகு கண்ணால் டேபிளைக் காட்டினாள்.

"அது என்ன மஞ்சளாக் கெடக்கு?"

ஓவியா சொன்னாள். கோடு எது, புள்ளி எது, கோடு விழுந்தால் என்ன தப்பு, புள்ளி விழுந்தால் என்ன சரி. மாரீஸ்வரிக்குப் பாதி புரியவில்லை. எழுந்து வந்து டேபிளைச் சுற்றி நடந்தாள். முந்நூறு பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிப் பழகிய கண். எண்ணிக்கொண்டே போனாள்.

"நூத்துப் பத்துக்கு மேல இருக்கு. இம்புட்டும் இன்னிக்கு அடிச்சதா?"

"ஆமா."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல. நானாக் கண்டுபுடிச்சேன்."

"போக முடியாதுன்னு தெரிஞ்சும் அடிச்சியாக்கும்?"

ஓவியா தலையை மட்டும் ஆட்டினாள்.

"எங்க, ஒன்னு அடி, பாப்போம்."

அம்மா பார்க்கிறாள் என்றதும் பிடி இறுகியது. மஞ்சள் கோடு நீளமாக விழுந்தது. பந்து வெளியே வந்து நின்றது. ஓவியா விரல்களை உதறிவிட்டு மறுபடியும் குனிந்தாள். இந்தத் தடவை விழுந்தது.

"விழுந்திருச்சுல்ல?" என்றாள் மாரீஸ்வரி.

"விழுந்திருச்சு."

மாரீஸ்வரி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கீழே கம்பம் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. "அந்தத் தரகர் வந்து, பொண்ணு விளையாட்டை நிறுத்திக்கிறணும்னு சொன்னாருல்ல? அப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். உங்கப்பா சரின்னாக. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா வாயைத் தொறக்கலை. காப்பித் தம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டேன்."

"விடும்மா."

"காப்பை அறுக்கத்தான் கூடாது," என்று திரும்பாமலே சொன்னாள். "மாத்தலாம்."

"என்னது?"

"என் நாத்தனா ஒரு வருசம் கட்டியிருந்தப்ப, எட்டு மாசத்துலயே வலி கண்டிருச்சு. தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். பூசாரி வந்து அவ கைக் காப்பை அவுத்து எங்க மாமியா கையில கட்டுனாரு. சட்டியையும் அவுகதான் எடுத்தாக. வீட்டுல இன்னொரு பொம்பளை ஏத்துக்கிட்டா மாத்தலாம்."

ஓவியா கியூவை டேபிளில் வைத்தாள். "யாரும்மா ஏத்துக்குவா?"

"இந்த வீட்டுல எத்தனை பொம்பளை இருக்கோம்? கேக்குறா பாரு கேள்வி. கெளம்பு."

நாலு மணிக்கு நடை திறந்தபோது கோயிலில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. போகும் வழியில் மாரீஸ்வரி மகளுக்குப் பாடம் நடத்தியபடியே வந்தாள். காப்பு மாற்றும்போது பூசாரி வேண்டுதலைக் கேட்பார். கட்டியவள் கையில் வேப்பிலையோடு அம்மன் முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்கிக்கொள்பவள் அதே வேண்டுதலைத் தன்னுடையதாகச் சொல்ல வேண்டும்.

"நல்ல வேலை கெடைக்கணும்னு கட்டுனேன்னு சொல்லு. நானும் அதையே சொல்றேன். அது பொய்யும் இல்லைல்ல?"

"இல்லம்மா."

"உங்கப்பாக்கிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்."

பக்குவத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. கர்ணன் பந்தலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். சீரியல் பல்பு கட்டுகிறவனை அதட்டிக்கொண்டிருந்தவர், மகளைப் பார்த்ததும் மலர்ந்துபோனார்.

"வாத்தா, வா! இங்க பாருங்கய்யா, இதுதான் எம் மக. ஞாயித்துக்கிழமை சம்பந்தகாரவுக வந்து நிக்கிறப்ப எம் புள்ள காப்புக் கட்டுன கையோட வருவா. எவனுக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பினை?"

ஓவியா அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பூசாரி மொக்கைச்சாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்கைச் சொறிந்தார். "மாத்துறது உண்டு. ஆத்திர அவசரத்துக்குத்தான் மாத்துறது. என்ன அவசரம்?"

"ஞாயித்துக்கிழமை மதுரையில பரிச்சை மாதிரி ஒன்னு," என்றாள் மாரீஸ்வரி.

"ஞாயித்துக்கிழமையா?" கர்ணன் கையிலிருந்த வயரைக் கீழே போட்டார். "என்ன மாரி, என்ன சொல்ற? ஞாயித்துக்கிழமை அவுக வர்றாகல்ல?"

"சொல்றேன், இருங்க."

"என்னத்தச் சொல்ற? எனக்குத் தெரியாம என்ன நடக்குது இங்கன?"

"கர்ணா, கோயில்ல சத்தம் போடாத," என்றார் பூசாரி. ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்து ஓவியாவின் கையில் கொடுத்தார். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். "என்ன வேண்டிக் கட்டுனத்தா? அவ முன்னாடி சொல்லு. அவளுக்குத் தெரியாதது இல்ல. நீ சொல்லணும், அம்புட்டுத்தான்."

ஓவியா வாயைத் திறந்தாள். 'நல்ல வேலை' என்ற இரண்டு வார்த்தைகள் தயாராக நாக்கில் இருந்தன. எதிரே அம்மன், மஞ்சள் பூசிய முகத்தோடு, எலுமிச்சை மாலையோடு. இடப்பக்கம் அப்பா. ஏற்கெனவே ஒரு பொய்யை இந்தச் சந்நிதியில் சொல்லித்தான் இந்தக் கதிக்கு ஆளானாள். இன்னொன்று சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

"குமுளிக்காரவுக என்னைப் பாக்க வரக் கூடாதுன்னு வேண்டித்தான் கட்டுனேன்," என்றாள். "அவுகளைக் கட்டிக்கிட்டு விளையாட்டை விட என்னால முடியாது. அதை உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு இப்படிப் பண்ணிட்டேன்ப்பா."

பந்தலில் பல்பு கட்டுகிறவன் ஏணியிலேயே நின்றுவிட்டான்.

காலையிலிருந்து தெரு முழுக்கப் பெருமை பேசியவர் கர்ணன். கமிட்டிக்காரர்கள் நாலு பேர் அவரைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

மொக்கைச்சாமிக்கும் தர்மசங்கடம். தொண்டையைச் செருமினார். "இப்படி ஒரு வேண்டுதலை நான் கேட்டது இல்ல. ஆனா வேண்டுதல் வேண்டுதல்தான். மாரி, முறை உனக்குத் தெரியும். வாங்கிக்கிறவ அதையே தன் வாயால சொல்லணும். வேற சொன்னா மாத்த முடியாது. யோசிச்சுக்க. பேசாம வீட்டுக்குப் போயிருங்க, யாரும் ஒன்னும் நெனைக்க மாட்டாக."

"அம்மா, வேணாம்," என்றாள் ஓவியா. "வா, போயிருவோம்."

மாரீஸ்வரி நகரவில்லை. கல்யாணம் கட்டி இருபத்தெட்டு வருஷமாகிறது. புருஷன் சொன்ன சொல்லை நாலு பேர் முன்னால் அவள் தட்டிப் பேசியதில்லை. இடது கையை நீட்டினாள்.

"அவுக வரக் கூடாது," என்றாள். "எம் மகளைப் பாக்க அவுக வரக் கூடாது. அவ விளையாட்டை விடக் கூடாது. இதுதான் எனக்கும் வேண்டுதல். கட்டுங்க பூசாரி."

"ஏய்!" கர்ணனின் குரல் உடைந்தது. "என்ன பேசுறன்னு தெரிஞ்சுதான் பேசுறியா? பத்துப் பேரு வேன் புடிச்சு வர்றாகடி! ஞாயித்துக்கிழமை அவுக இங்கன வந்து நின்னா நான் என்னத்தச் சொல்ல?"

"நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். காப்புக் கட்டுனவ எல்லை தாண்ட முடியாதுல்ல? நான் இங்கனதான் நிப்பேன். வர்றவுகளுக்கு நான் சொல்லிக்கிறேன்."

மொக்கைச்சாமி ஓவியாவின் மணிக்கட்டைப் பிடித்து முடிச்சில் விரல் வைத்தார்.

"இரு பூசாரி," என்றார் கர்ணன்.

(தொடரும்)